செவிலி கூற்று

2025 மே மாதம் கல்லூரி விடுமுறை தொடங்கியதும் அக்காவைப் பார்க்க ஹூஸ்டன் சென்றேன். பத்தொன்பது ஆண்டுகளாக அவள் அங்கே இருக்கிறாள். நான் போனது அதுவே முதல் முறை. பார்க்கவேண்டிய இடங்களை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: விண்வெளி மையம், ராத்கோ சிற்றாலயம், பேர்லண்டில் இருக்கும் மீனாட்சி கோயில். ஐந்து வாரத்தில் கோயிலுக்கு மட்டுமே போக வாய்த்தது. மற்ற பொழுதெல்லாம் அவள் வீட்டுச் சமையலறை மேசையில் அமர்ந்து, பாதி புரியாத ஆங்கிலக் கேள்விகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடி விடை சொல்வாள்.

போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் இரவுதான் விஷயம் தெரிந்தது. ஊரில் நாங்கள் எல்லோரும் அவள் தேர்வில் தேறிவிட்டாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். முந்திய நவம்பரில் தேர்வு எழுதிவிட்டு வந்த அன்று அம்மா தொலைபேசியில் கேட்டதற்கு, "ஆமா, முடிஞ்சு" என்று சொல்லியிருக்கிறாள். முடிந்தது என்பதை அம்மா வெற்றி என்று எடுத்துக்கொண்டாள். அக்கா திருத்தவில்லை. மறுநாளே வடசேரிச் சந்தைவரைக்கும் செய்தி போய்விட்டது.

"தோத்துப்போயிட்டேன் மக்கா. இருபத்திரெண்டு மார்க்கு" என்றாள் அக்கா.

தேற 500 வேண்டும், அவள் பெற்றது 478. சரியான விடைகளின் எண்ணிக்கை அல்ல இது. 200 முதல் 800 வரையிலான ஓர் அளவுகோலில் விழும் எண். அத்தானுக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது என்றாள். கல்லூரியில் படிக்கும் மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

அவள் எழுதிய தேர்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் என்பது பதவியின் பெயர். நர்ஸாகப் பயின்று, பிறகு முதுகலை படித்து, மேற்பார்வையின் கீழ் நூற்றுக்கணக்கான மணி நேரம் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தச் சான்றிதழ்த் தேர்வுக்கு உரியவர்கள். தேறி, மாநில உரிமமும் பெற்றுவிட்டால், பச்சைக் குழந்தை முதல் தொண்ணூறு வயதுக் கிழவர் வரை யாரையும் பரிசோதித்து, நோய் இன்னதென்று தீர்மானித்து, மருந்து எழுதலாம். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்த துறை இது. மருத்துவர்கள் போதாத இடங்களில் குழந்தைகளை யார் பார்ப்பது என்ற கவலையில் பிறந்தது. ஃபோர்டு 2025 ஜனவரியில் தம் 104-ஆம் வயதில் காலமானார். அந்தச் செய்தியை அக்கா அச்செடுத்து ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். பக்கத்தில் திருச்செந்தூர் முருகன்.

இத்தேர்வை இரண்டு அமைப்புகள் நடத்துகின்றன. ஒன்றில் 175 கேள்விகள், மூன்றரை மணி நேரம். மற்றதில் 150 கேள்விகள், மூன்று மணி நேரம். அக்கா எழுதியது இரண்டாவதை. அந்த 150-இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. வருங்காலத் தேர்வுகளுக்காக வெள்ளோட்டம் பார்க்கப்படும் கேள்விகள் அவை. எந்தப் பதினைந்து என்று எழுதுபவருக்குத் தெரியாது. (எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படிச் செய்தால் மாணவர்கள் வாயிற்கதவைப் பூட்டிவிடுவார்கள்.) தோற்றவர்கள் தாம் பலவீனமாக உள்ள பகுதிகளில் குறைந்தது 15 மணி நேரம் தொடர்கல்வி பெற்றுச் சான்று காட்டினால்தான் மீண்டும் விண்ணப்பிக்க முடியும். ஒரு நாட்காட்டி ஆண்டில் இரண்டு முறைக்கு மேல் எழுத முடியாது. அக்கா அந்த 15 மணி நேரத்தை முடித்து, ஜூன் மாதத்தில் ஒரு தேதியும் வாங்கிவைத்திருந்தாள். என்னைக் கோடையில் வரச்சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

"சின்னதுல உனக்கு நான் நன்னூல் கேட்டேம்லா. இப்ப நீ எனக்குக் கேளு."

அது உண்மை. நாகர்கோவில் வீட்டின் பின்திண்ணையில் நான் நூற்பாக்களை ஒப்பிக்க, அவள் புத்தகத்தை வைத்துக்கொண்டு சரிபார்ப்பாள். ஒரு சொல் பிசகினாலும் முதலிலிருந்து சொல்லவேண்டும். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். 1991-இல் மருத்துவக் கல்லூரி இடம் சில மதிப்பெண்களில் கைநழுவியபோது, இன்னொரு வருஷம் படித்து மறுபடி எழுதுகிறேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்த அப்பா வேண்டாம் என்றார். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார்: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கவனிப்பவன். நான்கும் சமம், நாலாவதுக்குப் போ என்பது அப்பாவின் வாதம். அதைச் சொல்லித்தான் அவளை நர்ஸிங் பள்ளியில் சேர்த்தார். அப்பா குறளை யாரிடமும் கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தியவர் அல்லர். ஆனால் அவரே பிற்பாடு என்னை எம்.ஏ. படிக்கவைத்தபோது எந்தக் குறளும் குறுக்கே வரவில்லை. அந்தப் பணம் சவூதியிலிருந்து வந்தது. மாதம் முதல் வாரத்தில் அக்காவின் டிராஃப்ட் வரும். அதில் விடுதிக் கட்டணம் போக மிச்சத்தில்தான் நான் புத்தகங்கள் வாங்கினேன். இன்று என் அலமாரியில் இருப்பவற்றில் பாதி, அவள் இரவுப்பணி பார்த்து வாங்கித் தந்தவை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆயினும் எழுதாவிட்டால் ஐந்து வாரம் ஏன் அந்த மேசையைவிட்டு எழவில்லை என்பது விளங்காது.

ஒரு தமிழ் ஆசிரியனுக்கு மருத்துவப் பாடத்தில் என்ன கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். நிறையக் கிடைத்தது. மருந்துப் பெயர்களுக்கு விகுதிகள் உண்டு என்பது எனக்குப் பெரும் கண்டுபிடிப்பு. 'ப்ரில்' என்று முடிந்தால் ஒரு வகை இரத்தக்கொதிப்பு மருந்து: லிசினோப்ரில், எனலாப்ரில். அவ்வகை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அப்போது 'சார்டான்' என்று முடிவனவற்றுக்கு மாற்றுவார்கள். கருவுற்ற பெண்ணுக்கு இவ்விரண்டுமே ஆகாது. 'ஓலால்' என்றால் இதயத்துடிப்பைத் தணிப்பவை, 'ஸ்டாட்டின்' என்றால் கொழுப்பைக் குறைப்பவை. பகுபத உறுப்பிலக்கணம்போல ஓர் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். அக்கா, "நீ மருந்துக்கடை வெச்சுப் பொழச்சுக்கிடலாம்" என்றாள்.

குழந்தை வளர்ச்சிப் பகுதி கவிதைபோல இருந்தது. மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்து வரையும், நான்கில் கூட்டல் குறியை வரையும், சதுரத்துக்குப் பின்னும் கொஞ்சம் பொறுக்கவேண்டும். நோய்த்தடுப்புப் பரிசோதனைகள் பகுதி மட்டும் உயிரை வாங்கியது, ஏனெனில் அவை மாறிக்கொண்டே இருப்பவை. அக்கா யாரோ கொடுத்த பழைய புத்தகத்தில் பெருங்குடல் புற்றுநோய்ச் சோதனைக்கு 50 வயது என்று மனப்பாடம் செய்திருந்தாள். அமெரிக்கப் பரிந்துரை 2021-இல் அதை 45 ஆக்கிவிட்டது. மார்பகச் சோதனை 2024 முதல் 40 வயதிலேயே தொடங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. புகைத்த பழக்கமுள்ள ஆண்களுக்கு 65-க்கும் 75-க்கும் இடையில் ஒரு தடவை வயிற்றுப் பெருந்தமனியை ஸ்கேன் செய்யவேண்டும். நான் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கும்போது அவள் நிமிர்ந்து, "உனக்கு நாப்பத்தாறுல்லா? குடல் பாத்தியா?" என்றாள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

நாளொன்றுக்கு ஐம்பது கேள்விகள். தவறிய விடைகளை ஒரு நோட்டில் குறித்துவந்தேன். விடைத்தாள் திருத்தும் தொழிலில் இருபது ஆண்டு கழித்தவனுக்குப் பிழைகளை வகைப்படுத்தாமல் இருக்க முடியாது. பத்து நாட்களில் 61 பிழைகள். அவற்றில் தெரியாமல் செய்தவை 19 மட்டுமே. ஏனைய 42-உம் ஒரே சாதி: நோய் இன்னதென்று சரியாகச் சொல்லிவிடுவாள், 'அடுத்து என்ன செய்வீர்கள்' என்ற இடத்தில் சறுக்குவாள். நான்கு விடைகளில் இரண்டைச் சட்டென்று தள்ளிவிடுவாள். மிஞ்சும் இரண்டில் ஒன்று ஏதேனும் செய்யச் சொல்லும். மற்றது பொறுத்திருக்கவோ, இன்னொருவரிடம் சொல்லவோ, மறுபடி அளந்துபார்க்கவோ சொல்லும். அவள் கை ஒவ்வொரு தடவையும் இரண்டாவதற்கே போயிற்று.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. 72 வயது மூதாட்டி. இரண்டு வாரமாக ஒரு பக்க நெற்றிப்பொட்டில் வலி. தலை சீவினால் நோகிறது. உணவை மெல்லும்போது தாடை வலிக்கிறது. நேற்று முதல் ஒரு கண் அவ்வப்போது மங்குகிறது. ஈ.எஸ்.ஆர். மிகவும் கூடியிருக்கிறது. அடுத்து என்ன செய்வீர்கள்? பயாப்ஸிக்கு அனுப்பி முடிவு வரும்வரை பொறுப்பது, அதிக அளவில் ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்குவது, இன்னும் இரண்டு.

அக்கா மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "பயாப்ஸி" என்றாள்.

விடைக்குறிப்பைப் படித்தேன். பொட்டுத் தமனியில் வரும் அழற்சி அது. பயாப்ஸி தேவைதான், ஆனால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குப் போகும் இரத்தம் நின்றுவிட்டால் போன பார்வை திரும்பாது. சந்தேகம் வந்ததுமே மருந்தைத் தொடங்கவேண்டும்.

"தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியும் மக்கா."

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். பதினான்கு வருஷத்துக்கு முந்தைய ஓர் இரவைச் சொன்னாள். வேறு ஏதோ காரணத்துக்காக வார்டில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு வயதான அம்மாள். நள்ளிரவில் தண்ணீர் கொடுக்கப் போனபோது, தலையணையில் தலை பட்டாலே வலிக்கிறது என்றாளாம். சாயங்காலம் ரொட்டியை மெல்ல முடியவில்லை, கண் முன்னால் திரை விழுந்து விழுந்து விலகுகிறது என்றும் சொல்லியிருக்கிறாள். அக்கா பணிநேர மருத்துவரை அழைத்தாள். காலையில் பார்க்கலாம் என்றார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அழைத்து, தான் சந்தேகப்படும் நோயின் பெயரையும் சொன்னாள். அது நர்ஸ் சொல்லவேண்டியது அல்ல என்பதுபோல ஒரு மௌனம். மூன்றாம் முறை அழைத்தபோது தொலைபேசி எடுக்கப்படவில்லை. மேற்பார்வையாளரிடம் சொன்னாள். அழைத்த நேரங்களையெல்லாம் குறிப்பேட்டில் பதிந்தாள். விடிந்தபோது அந்த அம்மாளின் வலக்கண் போய்விட்டிருந்தது.

"மருந்து அலமாரில இருந்துச்சு. பத்தடி தூரம். என் கையால எடுத்துக் குடுக்க எனக்கு உரிமை இல்ல. எழுதிவெச்சேன், அவ்வளவுதான். ஒருத்தரும் என்னைக் குத்தம் சொல்லல. ஒழுங்கா எழுதியிருக்கன்னு பாராட்டுனாங்க."

இந்தப் படிப்புக்கு ஏன் வந்தாள் என்று நான் அதுவரை கேட்டதில்லை. முழங்கால் வலியும் இரவுப்பணியும் காரணம் என்று நினைத்திருந்தேன். அவையும் காரணங்கள்தாம்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உரிமை இல்லை என்பதற்காக அன்று அவ்வளவு துடித்தவள், உரிமையைக் கொடுத்துக் கேட்கும்போது ஏன் பழைய விடையையே சொல்கிறாள்? முப்பது வருஷம் ஒருவரை ஒரே நாற்காலியில் உட்காரவைத்தால் உடம்பு அந்த நாற்காலியின் வடிவத்துக்கு வந்துவிடுகிறது போலும். நர்ஸ் வேலைக்காக 2006-க்கு முன்பு அவள் எழுதித் தேறிய தேர்விலும் இதே மாதிரிக் கேள்விகள் உண்டு. அங்கே கவனி, பதிவு செய், மருத்துவருக்குத் தெரிவி என்பவை பெரும்பாலும் சரியான விடைகள். மருந்து இன்னதென்று முடிவெடுப்பது பிழை. இங்கே அப்படியே தலைகீழ்.

காலையில் அவளிடம் என் பாடத்திலிருந்து ஒன்று சொன்னேன். அகப்பாடல்களின் கீழ் சிறு குறிப்பு ஒன்று உண்டல்லவா, இன்னார் இன்னாரிடம் இன்ன நேரத்தில் சொன்னது என்று. பாடலைத் தொகுத்தவர்கள் பிற்காலத்தில் சேர்த்தது. அதை மாற்றிவைத்துப் படித்தால் பாடலின் ஒரு சொல்லும் மாறாமலே பொருள் முழுக்க மாறிவிடும். தலைவி சொன்னால் ஏக்கம், அதையே தோழி சொன்னால் எச்சரிக்கை. செவிலி என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். தலைவியை வளர்த்தவள், தோழியின் தாய். மகள் காதலனோடு போய்விட்ட பிறகு வழியில் வருவோர் போவோரையெல்லாம் விசாரித்துக்கொண்டு தேடிப்போகிறவள்.

"நோயாளி, வயசு, எங்க வலி, எல்லாம் கேள்வில இருக்கு. யார் கூற்றுன்னு மட்டும் எழுதல. நீ எல்லாத்தையும் செவிலி கூற்றாவே படிக்க" என்றேன்.

"உன் வகுப்ப இங்க எடுக்காத" என்றாள். ஆனால் மறுநாள் மேசையில் ஒரு அட்டை இருந்தது. அவளுடைய சாய்ந்த கையெழுத்தில், 'கூற்று: நான்'.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அடுத்த வாரம் மறுகோடிக்குப் போய்விட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வியர்வை வழிய வந்து நிற்கும் 58 வயதுக்காரருக்குத் தன் கிளினிக்கிலேயே மருந்து மாற்றி எழுதி, இரண்டு வாரத்தில் வரச்சொல்கிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு உடனே அனுப்பவேண்டிய ஆள் அவர். "கொன்னுட்டியே அக்கா" என்றேன். இருவரும் சிரித்து ஓய வெகுநேரம் ஆயிற்று. கைவிட்டு அனுப்புவதும் தானே எடுக்கும் முடிவு என்பது அவளுக்குப் பிடிபட மேலும் சில நாட்கள் ஆயின. நோட்டில் பிழைகள் குறைந்தன, கூடின, மறுபடி குறைந்தன. கடைசி வாரத்தில் நாளுக்கு மூன்று, நான்கு.

இதில் எனக்கு ஒரு கோபமும் உண்டு. நீயே முடிவெடு என்று மூன்று மணி நேரம் சோதிக்கிறார்கள். தேறியபின் டெக்ஸாஸ் மாநிலத்தில் மருந்து எழுத வேண்டுமென்றால் ஒரு மருத்துவரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும். அமெரிக்காவில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் இந்தக் கட்டு இல்லை. மாநில எல்லையைத் தாண்டினால் கூற்று மாறிவிடுகிறது. அக்காவிடம் சொன்னேன். அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. "அது பரவால்ல. ஃபோன் எடுக்காட்டி அலமாரியத் திறக்கலாம்லா" என்றாள்.

தேர்வு நாளன்று அத்தானுக்கு வேலை. நான் அவளுடன் போனேன். பல் மருத்துவமனைக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் நடுவே ஒரு சிறிய அறை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார்கள், சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்கள், பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள். தாலிச் சங்கிலியை ஓர் இளம்பெண் சங்கடத்தோடு உற்றுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். நான் எதிரே ஒரு கடையில் மூன்று காப்பி குடித்தேன். கொண்டுபோன புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். முதற்கட்ட முடிவை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள். அவள் முகத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. காரில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பாஸு" என்றாள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு, "தலைவலிக் கிழவி வந்தாளா?" என்று கேட்டேன்.

"கேள்வி எதையும் வெளியில சொல்லமாட்டேன்னு ஒத்துக்கிட்டுத்தான் எழுதியிருக்கேன். சொல்லப்பிடாது" என்றாள். அதற்குமேல் சிரித்துவிட்டாள்.

ராத்திரி அம்மா வீடியோவில் வந்தாள். நாகர்கோவிலில் அப்போது காலை. பின்கட்டுப் பலா இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருப்பதையும் முனிசிபாலிட்டிக்காரன் சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனதையும் சொன்னாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையசைத்தாள், சொல்லாதே என்று. போன நவம்பரிலேயே தேறிவிட்டவளுக்கு இன்று சொல்ல எந்தச் செய்தியும் இல்லை. ஃபோனை வைக்கப்போகும் நேரத்தில் அம்மாவுக்கு ஏதோ நினைவு வந்தது.

"ஏ மக்கா, பாஸாகி ஆறேழு மாசம் ஆச்சே, ஒனக்குன்னு தனி ரூம் குடுத்தானா இல்லியா?"

"இனிமேதாம்மா" என்றாள் அக்கா.